அம்மி, மிக்ஸி, டெலிபோன்!

"நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு அப்பால் உள்ளார்."

அந்தப் பெண் குரல் இதை என்னிடம் 43-வது தடவையாகச் சொன்னபோது காலை மணி 10. தேதி 2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை.

நான் கூப்பிட்டது அம்மாவை. அம்மா இருப்பது கண்டாச்சிபுரத்தில். விழுப்புரத்தில் பஸ் ஏறி, கெடார் தாண்டி, திருவண்ணாமலை போகிற ரோட்டில் வருகிற ஊர். அம்மா அந்த ஊர் எல்லையைத் தாண்டுவதே வருஷத்துக்கு இரண்டு தடவைதான். ஒன்று, கார்த்திகை தீபத்துக்கு. இரண்டு, என்னை நேரில் திட்டுவதற்கு. அப்பேர்ப்பட்டவள் எல்லைக்கு அப்பால் எங்கே போவாள்?

முந்தின நாள் ராத்திரிதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்திருந்தது. கடந்தோமா போனோமா என்று இல்லாமல், சம்பந்தி வீட்டுக்கு வந்த மாதிரி அங்கேயே உட்கார்ந்துவிட்டது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை! டி.வி.யில் எந்தச் சேனலைத் திருப்பினாலும் வெள்ளம். நான் தாம்பரத்தில், ஒரு வாடகை வீட்டில், கையில் போனோடு.

கஸ்டமர் கேரைப் பிடித்தேன். (எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். எல்லாரிடமும் ஒரே பாட்டுதான், ராகம்தான் வேறு.) 1-ஐ அழுத்தி, 3-ஐ அழுத்தி, 9-ஐ அழுத்தி, இருபது நிமிஷம் வீணை இசை கேட்ட பிறகு ஒரு தம்பி வந்தார்.

"சார், அந்த நம்பர் எங்க சிஸ்டத்துல ஆக்டிவ்வா இருக்கு சார். நெட்வொர்க்கும் நார்மல்னுதான் காட்டுது. வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

"வேற உதவி அப்புறம்ப்பா. இந்த உதவியையே நீ இன்னும் பண்ணலையே!"

லைன் கட்.

அந்தத் தம்பி சொன்னது பொய் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நெட்வொர்க் நிஜமாகவே நார்மலாகத்தான் இருந்தது. எங்கேயோ ஒரு பெருநகரத்து ஏ.சி. ஹாலில், கம்ப்யூட்டர்களுக்குள், ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. கண்டாச்சிபுரத்தில்தான் அது இல்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து போன். சித்தப்பா!

"டேய், ஒங்கம்மா நல்லாத்தான் இருக்கு. ஓட்டுல நாலு போச்சு, அவ்ளோதான். நீ அழுதுகினு கிளம்பி வராத, பஸ்ஸு சரியா வுடல. டவர்ல கரண்ட் இல்லடா. பேட்டரி ஞாயித்துக்கிழமையே படுத்துடுச்சு. டீசல் ஊத்த ஆள் வர வழியில்ல. சிக்னல் தேடி எக்ஸெல்லுல இவ்ளோ தூரம் வந்திருக்கேன், சீக்கிரம் பேசு."

சித்தப்பா சொன்னால் அது டெக்னிக்கல் ரிப்போர்ட் மாதிரி. ஏனென்றால்...

சித்தப்பாவின் சாம்ராஜ்யம்

சித்தப்பா டெலிபோன் டிபார்ட்மென்ட் லைன்மேன். 2000 அக்டோபர் 1-ம் தேதி டிபார்ட்மென்ட் பி.எஸ்.என்.எல். ஆனபோது சித்தப்பாவும் கூடவே ஆனார். 2020 ஜனவரி 31-ல் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் நாடு முழுக்க 78,000-க்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்களே, அதில் ஒருவர்.

அதற்கு முன்னால் அவர் ராஜா. கம்பத்தில் ஏறி, காதில் ஒரு டெஸ்ட் போனை மாட்டி, "ஹலோ, எக்சேஞ்சா?" என்று அவர் கேட்கிற அழகைப் பார்க்க கீழே நாங்கள் நாலைந்து பையன்கள் நிற்போம். மழை பெய்து போன் செத்துவிட்டால் ஊர் நேராக சித்தப்பா வீட்டுக்கு வரும், திட்டும், மோர் குடிக்கும், போகும். சித்தப்பா ராத்திரியே டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்புவார்.

இந்த இடத்தில் கொஞ்சம் சரித்திரம். பயப்படாதீர்கள், சுருக்கமாக.

ஆதியில் எக்சேஞ்ச் என்றால் ஒரு ஆபரேட்டர். யாருக்கு யாரோடு லைன் கொடுப்பது என்பது அவர் கையில். அமெரிக்காவில் கான்ஸஸ் சிட்டியில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்று ஒருவர். தொழில், இறந்தவர்களுக்கு இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்வது. எக்சேஞ்ச் ஆபரேட்டரோ, அவருடைய போட்டிக் கடைக்காரரின் மனைவி. சாவு விழுகிற வீட்டுக் கால்களையெல்லாம் அந்த அம்மாள் தன் வீட்டுக்காரருக்கே திருப்பிவிடுகிறார் என்று ஸ்ட்ரோஜருக்குச் சந்தேகம். "ஆபரேட்டரே இல்லாத எக்சேஞ்ச் செய்கிறேன் பார்!" என்று கிளம்பினார் என்பார்கள். கதை எவ்வளவு நிஜமோ, 1891-ல் அவர் தானியங்கி எக்சேஞ்சுக்குப் பேடன்ட் வாங்கியது நிஜம். அதன் பரம்பரைதான் டயலைச் சுற்றச் சுற்ற எக்சேஞ்சுக்குள் 'டக் டக் டக்' என்று சத்தம் போட்ட இயந்திரங்கள்.

நம் ஊரில் 1960-ல்தான் முதல் எஸ்.டி.டி., கான்பூருக்கும் லக்னோவுக்கும். மற்றவர்கள் டிரங்க் கால் புக் பண்ணிவிட்டு, குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து காத்திருந்தார்கள். 1984-ல் சாம் பிட்ரோடா முன்னின்று சி-டாட் ஆரம்பித்தது. 36 கோடி ரூபாய், 36 மாதம், இந்தியாவுக்கென்றே ஒரு எக்சேஞ்ச் என்பது சபதம். 1986-ல் கர்நாடகத்தில் கிட்டூரில் முதல் கிராமத்து எக்சேஞ்ச் வந்தது. 128 லைன். ஏ.சி. வேண்டாம். வெயில், புழுதி, பல்லி எல்லாவற்றோடும் அனுசரித்துப் போகும். மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத்துகள் கிராமம் கிராமமாக முளைத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

"சி-டாட்டு பொட்டி நம்ம வீட்டுப் பொண்ணுடா. வெளிநாட்டுப் பொட்டி மருமவ மாதிரி, ஏ.சி. கேக்கும்" என்பார் சித்தப்பா. (சித்தி பக்கத்தில் இல்லாதபோது.)

இன்னொரு விஷயம். அந்தக் காலத்து லேண்ட்லைன் போன் வீட்டுக் கரண்டில் ஓடவில்லை. எக்சேஞ்சில் இருந்த 48 வோல்ட் பேட்டரியிலிருந்து, பேசுகிற அதே செப்புக் கம்பி வழியாகக் கரண்டும் வந்தது. ஊரே இருட்டாக இருந்தாலும் போன் மணி அடிக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

திண்ணையில் ஒரு எக்சேஞ்ச்

2025 பொங்கலுக்கு எல்லாரும் ஊரில் கூடினோம். என் தங்கையின் வீட்டுக்காரரும் வந்திருந்தார். சென்னையில் பழைய மகாபலிபுரம் ரோட்டில், செல்போன் கம்பெனிகளுக்கு நெட்வொர்க் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்கிற ஆபீசில் வேலை. கரும்பு கடித்துக்கொண்டே சித்தப்பா வம்பை ஆரம்பித்தார்.

"ஏன் மாப்ள, அந்தக் காலத்துல ஃபால்ட்டுன்னா எக்சேஞ்சுக்குப் போவோம். இப்ப உங்க எக்சேஞ்சு எங்கதான் இருக்குது?"

"இதோ இதுக்குள்ளகூட இருக்கும் மாமா" என்று மாப்பிள்ளை லேப்டாப்பைத் தட்டினார்.

சித்தப்பா சிரித்தார். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. திண்ணையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து விளக்கினார்.

"அத்தை வீட்ல முன்னாடி அம்மி இருந்தது, ஆட்டுக்கல் இருந்தது, உரல் இருந்தது. சட்னிக்கு அம்மி, மாவுக்கு ஆட்டுக்கல், இடிக்க உரல். ஆட்டுக்கல்லுல நெல்லு குத்த முடியாது. ஒண்ணொண்ணும் கனம், ஒண்ணொண்ணும் தனி. இடம் மாத்தணும்னா நாலு ஆள் வேணும். இப்ப?"

"கவர்மென்ட்டு குடுத்த மிக்ஸி" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

"அதேதான் அத்தை! மோட்டார் ஒண்ணு. ஜாரை மாத்தினா சட்னி, ஜாரை மாத்தினா மசாலா. போன் நெட்வொர்க்லயும் அதான் நடந்திருக்கு."

ஒரு செல்போன் காலுக்குப் பின்னால் நாலைந்து பேர் வேலை பார்க்கிறார்கள். 'இவன் யார், நம்ம ஆள்தானா?' என்று ரிஜிஸ்டரைப் பார்ப்பவர் ஒருவர். 'இப்போது எந்த டவருக்குக் கீழே இருக்கிறான்?' என்று தேடுபவர் ஒருவர். 'காசு இருக்கா, ரீசார்ஜ் முடிஞ்சுதா?' என்று கணக்குப் பார்ப்பவர் ஒருவர். இன்டர்நெட்டுக்குக் கதவைத் திறந்துவிடுபவர் ஒருவர். திருட்டுப் பசங்கள் உள்ளே வராமல் தடுக்கும் வாட்ச்மேன் ஒருவர். முன்பெல்லாம் இந்த ஒவ்வொருவரும் ஒரு தனிப் பெட்டி. பீரோ சைஸ். இரும்பும் சாஃப்ட்வேரும் சேர்த்துத் தைத்தது. ஒரு கம்பெனி பெட்டியில் இன்னொரு கம்பெனி சாஃப்ட்வேர் ஓடாது. கூட்டம் அதிகமானால் இன்னொரு பெட்டிக்கு ஆர்டர் போட்டு, கப்பலில் வந்து, பூட்டி, சரிபார்க்க மாதக்கணக்கில் ஆகும்.

2012 அக்டோபரில் ஏ.டி. அண்ட் டி., பி.டி., டாய்ச் டெலிகாம், சைனா மொபைல் என்று உலகத்தின் 13 பெரிய போன் கம்பெனிகள் ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரில் நடந்த மாநாட்டில் ஓர் அறிக்கை வெளியிட்டன. சாராம்சம் இதுதான்: 'பீரோ வாங்கி வாங்கிச் சலித்துவிட்டோம். கடையில் கிடைக்கிற சாதாரண சர்வர் கம்ப்யூட்டர் போதும். மேலே சொன்ன வேலைகளையெல்லாம் வெறும் சாஃப்ட்வேராக எழுதிக் கொடுங்கள்.' இதற்கு வைத்த பெயர் நெட்வொர்க் ஃபங்க்ஷன் விர்ச்சுவலைசேஷன். பெயரைப் பார்த்து மிரளாதீர்கள். அம்மி, ஆட்டுக்கல், உரலை எடுத்துவிட்டு மிக்ஸி வாங்குவதுதான்.

ஒரு வித்தியாசம். நம் மிக்ஸியில் ஒரு சமயத்தில் ஒரு ஜார்தான் சுற்றும். சர்வரில் நாற்பது ஜார் ஒரே நேரத்தில் சுற்றும். சட்னி மசாலாவோடு கலக்காமல் பார்த்துக்கொள்ள நடுவில் ஒரு மேனேஜர் சாஃப்ட்வேர். ஒரு கம்ப்யூட்டரைப் பல கம்ப்யூட்டராக நடிக்க வைக்கிற இந்த வித்தை புதுசு இல்லை, ஐ.பி.எம். 1972-லேயே விற்றது. போன் கம்பெனிகள்தான் தாமதமாக வந்தன.

"சரி, எக்சேஞ்ச காட்டுங்க" என்றார் சித்தப்பா, விடாமல்.

மாப்பிள்ளை காட்டினார். ஓப்பன் 5ஜிஎஸ் என்று ஒரு சாஃப்ட்வேர். இலவசம், யாரும் இறக்கிக்கொள்ளலாம். அதை ஓடவிட்டார். கறுப்புத் திரையில் வரிவரியாக ஏதோ ஓடியது. 'இது ரிஜிஸ்டர், இது தேடுறவர், இது கதவு' என்று விரலால் தொட்டுக் காட்டினார். இன்னொரு சாஃப்ட்வேர், டவர் மாதிரியும் செல்போன் மாதிரியும் நடிப்பதற்கு. அந்தப் பொய் போன் இந்த எக்சேஞ்சில் பதிவாகி, இன்டர்நெட்டையே தொட்டது. எங்கள் திண்ணையில், ஒரு லேப்டாப்புக்குள், ஒரு முழு 5ஜி எக்சேஞ்ச்!

"இப்பப் பாருங்க மாமா" என்று தேடுகிறவரை நிறுத்தினார். போன் செத்தது. ஒரு வரி டைப் அடித்தார். சில விநாடிகள். போன் பிழைத்தது.

சித்தப்பா கரும்பைக் கீழே வைத்தார். முப்பது வருஷத்துக்கு மேல் கம்பம் ஏறியவர். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு இரண்டே கேள்வி கேட்டார்.

"எக்சேஞ்சு சாவி யார்ட்ட இருக்குது?"

"கரண்டு போனா?"

முதல் கேள்வி: சாவி

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மிக்ஸி வந்ததால் நமக்கு லாபம்தான்.

ஒரு காலத்தில் புத்தாண்டுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால், இலவச ஆஃபர் எல்லாம் ரத்து என்று காசு பிடுங்குவார்கள், ஞாபகம் இருக்கிறதா? கூட்டம் சேர்ந்தால் பெட்டி மூச்சுத் திணறும். இப்போது ராத்திரி 12 மணிக்குக் கூட்டம் வந்தால் அதே சாஃப்ட்வேரின் இன்னும் பத்து பிரதிகளைச் சில நிமிஷங்களில் எழுப்பலாம். விடிந்ததும் படுக்க வைத்துவிடலாம்.

1995 ஜூலை 31-ல் கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு டில்லியில் சுக்ராமுக்கு நாட்டின் முதல் செல்போன் கால் பேசினார். அந்தக் காலத்தில் நிமிஷத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம், வருகிற காலுக்கும் காசு. 2016 செப்டம்பர் 5-ல் ஜியோ வந்தபோது 2ஜி, 3ஜி எதுவும் இல்லாமல் 4ஜி மட்டும் போட்டார்கள். அதாவது பேச்சுக்கென்று தனி எக்சேஞ்சே கிடையாது. குரலும் டேட்டா, அதைக் கவனிப்பதும் சாஃப்ட்வேர். ஜியோவில் இருந்த தாரிக் அமீன் என்கிற இன்ஜினீயர் பிறகு ஜப்பானுக்குப் போய், ராகுடென் என்ற கம்பெனிக்காக முழுக்க முழுக்க 'மிக்ஸி'யாகவே ஒரு செல் நெட்வொர்க் கட்டினார். 2020 ஏப்ரலில் அது வியாபாரத்துக்கு வந்தபோது உலகமே எட்டிப் பார்த்தது.

ஆனால் சித்தப்பாவின் சாவிக் கேள்வி இருக்கிறதே...

2018 டிசம்பர் 6. பிரிட்டனில் ஓ2 என்ற கம்பெனியின் 3 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்கு டேட்டா செத்தது. அதே நாள் ஜப்பானில் சாஃப்ட்பேங்க் கம்பெனிக்கும் அதே கதி. புயலா, பூகம்பமா? ஒன்றுமில்லை. இரண்டு பேரும் எரிக்சன் கம்பெனியின் ஒரே சாஃப்ட்வேரை வைத்திருந்தார்கள். அதற்குள் இருந்த ஒரு டிஜிட்டல் சர்ட்டிஃபிகேட்டின் தேதி முடிந்துவிட்டது. வண்டி இன்ஷூரன்ஸ் புதுப்பிக்க மறப்போமே, அது மாதிரி. நாம் மறந்தால் நமக்கு மட்டும் ஃபைன். இவர்கள் மறந்ததில் லண்டனில் பஸ் எப்போது வரும் என்று காட்டுகிற போர்டுகள்கூடத் திணறின.

2022 ஜூலை 2. ஜப்பானில் கே.டி.டி.ஐ. கம்பெனி. நள்ளிரவுப் பராமரிப்பில் ஒரு ரூட்டரை மாற்றும்போது சுமார் 15 நிமிஷம் பேச்சு அறுந்தது. சரி செய்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் லட்சக்கணக்கான போன்கள் ஒரே நேரத்தில், 'நான் இங்க இருக்கேன், என்னைச் சேர்த்துக்கோ' என்று பதிவு செய்ய முண்டியடித்தன. ரேஷன் கடை கதவைப் பாதி திறந்த மாதிரி! நெரிசலில் நெட்வொர்க்கே மயக்கம் போட்டது. கிட்டத்தட்ட 3 கோடியே 90 லட்சம் இணைப்புகள் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று முதலில் சொன்னார்கள். முழுசாகத் தெளிய மூன்று நாளுக்கு மேல்.

சித்தப்பா காலத்தில் ஒரு எக்சேஞ்ச் செத்தால் ஒரு ஊர் செத்தது. இப்போது ஒரு தப்பான வரி அடித்தால் ஒரு நாடு படுக்கிறது.

"அதோட பஞ்சாயத்து வேற இருக்கு மாமா" என்றார் மாப்பிள்ளை. "பெட்டி ஒரே கம்பெனியோடதா இருந்தப்ப ஒருத்தரைப் பிடிச்சுத் திட்டலாம். இப்ப சர்வர் ஒருத்தர், நடு மேனேஜர் சாஃப்ட்வேர் ஒருத்தர், மேல ஓடற ஜார் ஒருத்தர். ஃபால்ட்டுன்னா ராத்திரி 2 மணிக்கு மூணு பேரும் கான்ஃபரன்ஸ் கால்ல வந்து, 'எங்க பக்கம் ஓகே'ம்பாங்க."

கல்யாணத்தில் சாம்பார் கெட்டுப்போனால் சமையல்காரர் பால்காரரைச் சொல்வார், பால்காரர் பாத்திரக்காரரைச் சொல்வார். (சாம்பாரில் பால் எங்கே வந்தது என்று கேட்காதீர்கள். அந்த லட்சணத்தில்தான் கான்ஃபரன்ஸ் காலும் நடக்குமாம்.) நடு மேனேஜர் சாஃப்ட்வேரில் பெரிய பெயர் வி.எம்.வேர். அதை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது. மறு வருஷமே ஏ.டி. அண்ட் டி., 'ஒப்பந்தப்படி சப்போர்ட் தரமாட்டேன் என்கிறார்கள்' என்று பிராட்காம் மேல் கேஸ் போட்டது. பிறகு சமரசம். பீரோக்காரனிடமிருந்து தப்பி மிக்ஸிக்காரனிடம் மாட்டிய கதை.

இரண்டாவது கேள்வி: கரண்ட்

இதற்கு மாப்பிள்ளையிடம் பதில் இல்லை. தலையைச் சொறிந்தார்.

"டேட்டா சென்டர்ல கரண்ட் போகாது மாமா. ரெண்டு லைன், பேட்டரி, ஜெனரேட்டர் எல்லாம் இருக்கு. ஒரு சென்டரே போனாலும் வேற ஊர் சென்டர் எடுத்துக்கும்."

"அது சரி. எங்க ஊரு டவர எந்த ஊரு டவர் எடுத்துக்கும்?"

மௌனம்.

எனக்கு அப்போதுதான் டிசம்பர் 1-ம் தேதி புரிந்தது. எக்சேஞ்ச் சாஃப்ட்வேர் ஆகிவிட்டது. ரிஜிஸ்டர், வாட்ச்மேன், கணக்குப்பிள்ளை எல்லாரும் சாஃப்ட்வேர் ஆகிவிட்டார்கள். ஆக முடியாதவை சில உண்டு. டவரின் இரும்பு. அதன் காலடியில் சில மணி நேரம் மட்டும் தாங்குகிற பேட்டரி. ஜெனரேட்டருக்கு டீசல். ரோட்டோரம் பள்ளம் தோண்டுகிறவர்கள் வெட்டிவிட்டுப் போகிற ஃபைபர். அப்புறம், முழங்கால் தண்ணீரில் டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு போகிற ஒரு மனுஷன். கண்டாச்சிபுரத்தில் அன்றைக்கு இல்லாமல் போனது இவைதான். அந்தக் கஸ்டமர் கேர் தம்பியின் திரையில் இவை எதுவும் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் 'நார்மல்.'

இப்போது அந்த 48 வோல்ட்டை ஞாபகப்படுத்துங்கள். பழைய செப்புக் கம்பியில் பேச்சும் வந்தது, கரண்டும் வந்தது. இன்றைக்கு வீட்டுக்கு வரும் ஃபைபரில் வெளிச்சம் மட்டும்தான் வரும். வீட்டில் கரண்ட் போனால் வைஃபை பெட்டியும் படுத்துவிடும். 'ஃபைபர் போட்டாச்சு, இனி கவலையில்லை' என்று ஊரில் சொல்லிவிட்டு வந்த பிள்ளைகள் கவனிக்க.

அப்போ நாம என்ன பண்றது?

அம்மா அப்பாவை ஊரில் விட்டுவிட்டு, சென்னையிலும் பெங்களூரிலும் உட்கார்ந்து டயல் பண்ணிக்கொண்டிருக்கிற ஆபீஸ் ஜீவன்களுக்கு, சித்தப்பாவும் மாப்பிள்ளையும் சேர்ந்து சொன்ன நாலு யோசனைகள்:

ஒன்று. ஊரில் ஒரே வீட்டில் இரண்டு போன் இருந்தால், இரண்டும் வேறு வேறு கம்பெனியாக இருக்கட்டும். இரண்டு பேரும் ஒரே டவரில் தொங்குகிறார்களா என்று உள்ளூரில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரே டவர் என்றால் ஒரே பேட்டரி.

இரண்டு. பேரிடர் சமயத்தில், எந்தக் கம்பெனி டவர் உயிரோடு இருந்தாலும் எல்லார் போனும் அதில் ஒட்டிக்கொள்ளலாம் என்று அரசு திறந்துவிடுவது உண்டு. இன்ட்ரா சர்க்கிள் ரோமிங் என்று பெயர். தானாகச் சேராவிட்டால், போன் செட்டிங்கில் நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று தீபாவளிக்குப் போகும்போதே வீட்டில் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். புயல் வந்த பிறகு சொல்லிக் கொடுக்க போன் இருக்காது!

மூன்று. வைஃபை பெட்டிக்கென்றே சின்ன பேட்டரி பேக்கப் கடையில் கிடைக்கிறது. அம்மாவுக்கு வாங்கும் அடுத்த புடவையோடு சேர்த்து வாங்குங்கள்.

நாலு. வேலை தேடுகிற தம்பிகளுக்கு. பழைய பீரோ எக்சேஞ்சைத் தொட்டுப் பார்க்க டிபார்ட்மென்ட்டில் வேலை கிடைத்திருக்க வேண்டும். இந்தப் புது எக்சேஞ்சைத் தொட ஒரு சுமாரான லேப்டாப் போதும். லினக்ஸ், நெட்வொர்க்கிங், குபெர்னெட்டிஸ் என்று வரிசையாகப் படிக்கலாம். ஓப்பன் 5ஜிஎஸ்ஸை ஓடவிட்டுக் கெடுத்து, திரும்பச் சரி பண்ணிப் பழகலாம். விழுப்புரத்தில் இருந்தாலும் சரி, திண்டிவனத்தில் இருந்தாலும் சரி. "எங்க வேலையும் லைன்மேன் வேலைதான் மாமா. கம்பம்தான் இல்லை" என்றார் மாப்பிள்ளை. சித்தப்பாவுக்கு அந்த வரி ரொம்பப் பிடித்துவிட்டது. மாப்பிள்ளைக்கு இன்னொரு துண்டு கரும்பு கிடைத்தது.

நம்ம வீட்டுப் பொண்ணு

2025 செப்டம்பர் 27, சாயங்காலம் சித்தப்பாவிடமிருந்து போன். குரலில் பழைய கம்பத்து கம்பீரம்.

"டேய், நியூஸ் பாத்தியா?"

அன்றைக்கு ஒடிசாவில் ஜார்சுகுடாவில் பி.எஸ்.என்.எல்.லின் உள்நாட்டு 4ஜி-யைப் பிரதமர் தொடங்கி வைத்திருந்தார். நாடு முழுக்க சுமார் 97,500 டவர்கள். டவரில் உட்காரும் ரேடியோ தேஜஸ் நெட்வொர்க்ஸ். எல்லாவற்றையும் கோத்துக் கொடுத்தது டி.சி.எஸ். நடுவில் மூளையாக உட்கார்ந்திருக்கும் எக்சேஞ்ச், அதாவது கோர் சாஃப்ட்வேர்...

"சி-டாட்டுடா! நம்ம சி-டாட்டு! அன்னைக்கு 128 லைனு பொட்டி. இன்னைக்குப் பொட்டியே இல்லாம, நாடு பூரா!"

சந்தோஷமாகத்தான் இருந்தது. சும்மா இருக்காமல் கேட்டேன்: "நம்ம ஊர் டவர்ல பேட்டரி எப்படி சித்தப்பா?"

"போய்ப் பாத்துட்டுதான் போன் பண்றேன். காம்பவுண்டு வெளியில நின்னு பாத்தேன். உள்ள வுடல. அந்தச் செக்யூரிட்டி பையனுக்கு நம்பர் குடுத்துட்டு வந்திருக்கேன். மழைன்னா எனக்கு ஒரு மிஸ்டு கால் குடுன்னு."

பாருங்கள், அவர் ரிட்டயராகி அஞ்சு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஊரில் யாரும் அவர் வீட்டுக்கு வந்து திட்டுவதும் இல்லை, மோர் குடிப்பதும் இல்லை. திட்டுவதற்கு இப்போது 1, 3, 9 என்று பட்டன்கள் இருக்கின்றன. ஆனால் எந்த நெட்வொர்க்கின் கடைசி முனையிலும் இப்படி ஒரு சித்தப்பா தேவைப்படுகிறார். ஏ.சி. ஹாலில் ஒரு மாப்பிள்ளை மட்டும் போதாது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். புயலன்று நாலு நாள் நான் பதறியதை எல்லாம் பொங்கலன்று அம்மாவிடம் விஸ்தாரமாகச் சொன்னேன். கரண்ட் இல்லாமல் எப்படிம்மா சமாளிச்சே என்றேன்.

"மிக்ஸி ஓடல. அதுக்குன்னு சட்னி இல்லாம சாப்பிடுவாங்களா? தோட்டத்துல கெடந்த அம்மிய கழுவி அரைச்சேன்."

"அதை விக்கச் சொல்லி எத்தனை தடவை சொன்னேன்?"

"நீ சொன்னே. நான் வித்தேனா?"